யாம் சமைத்த பறக்கும் படகு

பெரியதொரு பொருளைச் சிறியதாகச் செய்து கண்முன் வைத்து மகிழ்தல் மக்கட்கு இயல்பாய் அமைந்த விருப்பங்களுள் ஒன்று. சிறுமியர் சிற்றில் இழைப்பர். சிறுவர் சிறுதேர் உருட்டுவர். நவராத்திரிக் காலத்துக் கொலுப் படிகளில் ஊரும் சந்தையும் திருமண ஊர்வலமும் விரலளவில் நிரைநிரையாக நிற்கும். கிறிஸ்து பிறப்புக் காலத்திலோ நம் விடுதி முற்றங்களில் வைக்கோலும் காகிதமும் கொண்டு பெத்லகேம் நகர் முழுவதும் ஒரு மேசையளவில் எழும். இவ்விருப்பம் வயது முதிர்ந்த பின்னும் சிலரை விட்டு நீங்குவதில்லை. எம்மை விட்டு நீங்காமைக்கு யாம் வருந்தவுமில்லை. ஓய்வுப் பொழுதுகளில், ஏறத்தாழ எட்டுத் திங்களாக, யாம் சமைத்து முடித்த பறக்கும் படகொன்றின் மாதிரியைக் குறித்தும், அதன்மேல் அழுக்கும் கறையும் ஏற்றுங்கால் எழுந்த வழக்கொன்றைக் குறித்தும் ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம். அழுக்கு ஏற்றுதலும் ஒரு கலையோ என நகைப்பார் சற்றே பொறுத்தருள்க.

பறக்கும் படகென்பது யாது? மிதவைகளைக் கால்களாகக் கொண்டு நீரில் நிற்கும் விமானம் ஒருவகை. தன் உடலையே படகாகக் கொண்டு நீரில் அமரும் விமானம் மற்றொரு வகை. பின்னையதே பறக்கும் படகு எனப்படுவது. அதன் அடிவயிறு தோணியின் அடியைப்போல இருபுறமும் சரிந்து நடுவே கூர்மையுற்றிருக்கும். அன்றியும், உடலின் நடுப்பகுதியில் குறுக்கே ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். வழவழப்பான பரப்பை நீர் பற்றிக்கொண்டு எளிதில் விடுவதில்லை. விரைந்தோடும் படகு மேலெழ முயலுங்கால் இப்பற்றே பெருந்தடையாகும். படியினருகே காற்றுப் புகுந்து அப்பற்றை அறுக்கின்றது. படகு நீரின் மேற்பரப்பில் வழுக்கியோடிப் பின் வானில் எழுகின்றது. ஓர் அங்குலப் படியில் இத்துணைப் பெரிய சூழ்ச்சி அடங்கியிருத்தலை மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்வரை யாமும் நன்கு உணர்ந்திலேம்.

இவ்வகைப் படகுகளுள் யாம் தேர்ந்தது காட்டலினா என்பது. அமெரிக்க நாட்டுக் கன்சாலிடேட்டட் தொழிற்சாலையாரின் ஐசக் லாட்டன் என்னும் பொறிஞர் வகுத்த இவ்வுரு, 1935-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் முதன்முறை பறந்தது. பின்னர் 3,000-க்கு மேற்பட்ட படகுகள் கட்டப்பெற்றன. காட்டலினா என்னும் பெயரை இதற்கு இட்டவர் ஆங்கிலேயர். இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரை 104 அடி; நீளம் ஏறத்தாழ 64 அடி. இறக்கை உடலின்மேல் நேரே படியாது, நடுவே நிற்கும் ஒரு தூணின்மேல் குடைபோல விரிந்து, பக்கத்திற்கு இரண்டாக நான்கு சாய்கால்களால் தாங்கப்பட்டு நிற்கும். அத்தூணின் உள்ளே பொறிகளைக் காக்கும் பொறியாளர் ஒருவர் அமர்ந்திருப்பார். இறக்கை முனைகளிலுள்ள மிதவைகள் வானில் எழுந்தபின் மேல்மடிந்து இறக்கையோடு இறக்கையாகிவிடும். உடலின் பின்பாதியில் இருபுறமும் இரு பெருங் கண்ணாடிக் குமிழ்கள் தவளைக் கண்போலப் புடைத்திருக்கும். அழகியது என எவரும் கூறார். ஆயினும் ஒரு நாள் முழுதும் களைப்பின்றிக் கடல்மேல் உலவவல்லது.

நிற்க. உலகிலுள்ள எத்தனையோ விமானங்களை விடுத்து இதனை யாம் தேர்ந்தமைக்குக் காரணம், இது நம் கடலையும் நம் ஏரியையும் அறிந்ததாதலேயாம். சென்னைக்குக் குடிநீர் அளிக்கும் புழல் ஏரியில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆங்கிலேய அரச விமானப்படையின் 240-ஆம் பிரிவைச் சேர்ந்த காட்டலினாக்கள் தங்கியிருந்து வங்கக் கடலைக் காவல் செய்தன. இலங்கையின் தென்கரையில் காலிக்கு அணித்தாயுள்ள கொக்கல என்னும் காயல் அவற்றின் மற்றொரு தங்குதுறை. 1943 முதல் 1945 வரை அக்காயலுக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே, பகைவர் ஆட்சிக்குட்பட்ட கடல்வெளியைக் கடந்து, குவாண்டாஸ் நிறுவனத்தார் இப்படகுகளைச் செலுத்தினர். இடையில் எங்கும் இறங்காது 27 மணி நேரத்திற்கும் மேலாகப் பறந்தமையால், பயணிகள் ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் உதயம் கண்டனர்.

ஆயினும் கொக்கலவின் பெயரை வரலாற்றில் நிறுத்தியது வேறொரு படகு. கனடா நாட்டு அரச விமானப்படையின் 413-ஆம் பிரிவு வடகடலின் ஷெட்லாந்துத் தீவுகளில் நிலைகொண்டிருந்து, 1942-ஆம் ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அப்பிரிவின் லெனார்டு பெர்ச்சால் என்பார் ஏப்ரல் 2-ஆம் நாள் கொக்கல வந்திறங்கினார். ஏப்ரல் 4-ஆம் நாள் தம் தோழர் எண்மருடன், ஏஜே 155 என்னும் எண்ணும் க்யூ எல் – ஏ என்னும் எழுத்துகளும் பொறித்த காட்டலினாவிற் காவலுக்கு எழுந்தார். காவல் முடிந்து திரும்பவேண்டிய வேளையில், இலங்கைக்குத் தெற்கே சில நூறு மைல் தொலைவில், அடிவானத்தில் புள்ளிகள் தோன்றின. அணுகிப் பார்த்தபொழுது அவை ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட ஜப்பானியப் பெருங் கடற்படையெனப் புலப்பட்டது. ஓடி ஒளிதற்கு வழியில்லை; அவர்கள் செய்யக்கூடியதாயிருந்தது, கண்டதைக் கம்பியில்லாத் தந்தி வாயிலாகக் கரைக்கு அறிவித்தல் ஒன்றே. செய்தி சென்றுகொண்டிருக்கும்போதே பகைவரின் போர் விமானங்கள் சூழ்ந்து படகைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர். அறுவர் சிறைப்பட்டுப் போர் முடியும்வரை ஜப்பானில் துன்புற்றனர். மறுநாள், ஏப்ரல் 5-ஆம் நாள், உயிர்த்தெழுந்த ஞாயிறு. அன்று காலை கொழும்பு தாக்கப்பட்டது. கேடு நேராமலில்லை, ஆயினும் செய்தி முந்தி வந்தமையால் அறியாமையிற் படுங்கேடு தவிர்ந்தது. பெர்ச்சாலை இலங்கையின் இரட்சகர் எனப் பிற்காலத்தார் அழைப்பாராயினர்.

இப்படகையே யாம் 72-இல் ஒருபங்கு அளவில் சமைக்கலானோம். அவ்வளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரம் நிற்பான். 104 அடி இறக்கை 17 அங்குலத்துக்குச் சற்று மிகுதியாகும். சட்டகத்தினின்று பிளாஸ்டிக் உறுப்புகளை அறுத்தெடுத்து, வெட்டுவாயை அரத்தால் தேய்த்து, ஒன்றோடொன்று பொருந்துமா எனப் பசையின்றிப் பார்த்து, அதன் பின்னரே ஒட்டுதல் வேண்டும். உள்ளறைகள் முதலில், ஏனெனின் கண்ணாடிக் குமிழ் வழியே உள்ளே எட்டிப் பார்ப்பார் உளர். உடலின் இரு பாதிகளையும் இணைத்தபின் நடுவே எழும் மூட்டு, உண்மைப் படகில் இல்லாதது. அதனைப் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, விரல் நுனிக்கும் தட்டாதபடி மறைத்தல் வேண்டும். தேய்க்குங்கால் அழிந்துபோகும் தகட்டு வரிகளையும் தறையாணிப் புள்ளிகளையும் ஊசிமுனையால் மீண்டும் கீறுதல் வேண்டும். இப்பணிக்கே இரண்டு திங்கள் சென்றன. பொறுமையைப் பற்றி நூறு சொற்பொழிவு கேட்டலினும் ஒரு மூட்டைத் தேய்த்து மறைத்தல் நன்று.

இப்பணியில் எமக்குத் துணையாயிருந்தவன் விடுதி மாணவன் ஒருவன். பௌதிகம் பயில்பவன், விரல்கள் மெல்லியன, நாவும் கூரியது. மாலை ஆட்டம் முடிந்ததும் எம் அறைக்கு வந்து, உறுப்புகளைத் தேய்த்தும் கண்ணாடிகளின் சட்டங்களுக்கு ஒட்டுநாடாவால் மறைப்பு வெட்டியும் உதவுவான். எழுந்த வழக்கும் அவனால் எழுந்ததே.

படகின் மேற்புறத்துக்கு அக்காலக் கடற்காவல் விமானங்களுக்குரிய கருஞ்சாம்பலும் பசுஞ்சாம்பலும் பூசி, அடிப்புறத்துக்கு வெளிறிய நிறம் ஏற்றி முடித்தோம். ஒவ்வொரு நிறத்திலும் சிறிது வெண்மை கலந்தோம். தொலைவிற் காணும் பொருளின் நிறம் காற்றினூடே வெளிறித் தோன்றுமாதலின், சிறிய உருவுக்கு முழு நிறம் பொருந்தாது. எழுத்துகளை ஒட்டினோம். அன்று அது கடையிலிருந்து அப்பொழுதே வாங்கிய பாத்திரம்போல மின்னிற்று. காற்றிலும் நீரிலும் உழைத்த ஒரு பொருள் அவ்வாறு மின்னாதன்றோ? எனவே மாதிரி செய்வார் அதன்மேல் கறை ஏற்றுவர். எத்துணைக் கறை, எங்கே கறை என்பதே கேள்வி.

இதற்கு யாம் கைக்கொண்ட விதி ஒன்றே: காரணமின்றிக் கறையில்லை. இவ்விதியை எமக்குத் தெளிவித்தவர் எம் நண்பராகிய இரசாயனப் பேராசிரியர். படகின் அடியில் செங்காவித் துரு பூசலாமா என அவரை வினவினோம். அவர் நகைத்து, "ஐயா, துருப்பிடிப்பது இரும்பு. உம் படகோ அலுமினியம். அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்ட அளவில் மெல்லியதோர் ஏடு படர்ந்து அதனைக் காக்கும். கடலுப்பு அவ்வேட்டைத் துளைத்தால் அங்கே வெண்பொடி பூக்குமேயன்றிச் செந்துரு தோன்றாது. நங்கூரமும் எஃகு ஆணியும் இருக்குமிடத்தில் வேண்டுமாயின் ஒரு சொட்டுக் காவி வையும்" என்றார். அந்நாள் முதல் ஒவ்வொரு கறையையும் அவர் முன் நிறுத்தி விசாரிப்பது போலவே யாம் விசாரிக்கலானோம்.

விசாரித்தால் கறைகள் யாவும் வாய்திறந்து பேசுகின்றன. காட்டலினாவின் பொறிகள் புகையை மேற்புறமாக உமிழ்வன. ஆதலின் புகைக்கரி இறக்கையின் மேற்பரப்பிலேயே பின்னோக்கிப் படியும். எண்ணெய்க் கசிவு பறக்குங்கால் காற்றோடு பின்னோக்கி ஓடும். துறையில் நிற்குங்கால் கீழ்நோக்கி வழியும். இரண்டையும் ஒரே திசையில் தீட்டுபவன் படகைப் பார்த்தவனல்லன். முகப்பில் கயிறு உரசும். ஆதலின் அங்கே நிறம் தேயும். எரிநெய் இறக்கையினுள் இருத்தலின், அதனை நிரப்புவார் இறக்கையின் நடுப்பகுதியில் ஏறி நடப்பர். அங்கே காலடித் தேய்வு உண்டு, முனைகளில் இல்லை. சுழல்விசிறியின் முனைகளைத் தெறிக்கும் நீர்த்திவலை அரித்து வெள்ளி காட்டும். இறக்கையின் பின்பகுதியும் திருப்பும் தட்டுகளும் தகடல்ல, துணி. ஆதலின் அங்கே எத்துணைத் தேய்ந்தாலும் வெள்ளி தோன்றாது. அளவும் பொய் சொல்லலாகாது. மாதிரியில் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள கீறல் உண்மைப் படகில் 72 மில்லிமீட்டராகும். நான்கு விரல் நுழையும் காயத்தோடு எந்தப் படகும் காவலுக்குச் செல்லாது.

இவ்விதியின்படி யாம் பட்டியல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தபொழுது, மாணவன் வேறொரு பட்டியலோடு வந்தான். அவன் தொகுத்த படங்களில் காட்டலினாக்கள் வெயிலால் வெளுத்து, சுண்ணாம்பு பூத்து, பாதி நிறம் உரிந்து நின்றன. வெப்பநாட்டுத் துறைகளில் பல திங்கள் கிடந்த படகுகள் அவை. நம் படகையும் அவ்வாறே வெளுக்கவேண்டும் என்றான். அஃது ஒருபுறமிருக்க, உடலில் குண்டு துளைத்த துளைகளும், இறக்கையில் தீப்பட்ட கருகலும் வேண்டும் என்றான்.

"ஏன், தம்பி?" என்றோம்.

அவன் சற்று நேரம் வாளாவிருந்தான். பின்னர், "ஐயா, என் பாட்டனாரின் தந்தையார் அந்நாளில் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் உயிர் பிழைத்தார். அவர் பிழைத்ததனால் என் பாட்டனார், அவரால் யான். எங்கள் வீட்டில் இதனை இன்றும் சொல்லுவார்கள். ஆனால் அந்தப் படகின் பெயரையோ அதில் சென்றவர் பெயரையோ எவரும் அறியார். கல்லூரி நாட் கண்காட்சிக்கு எங்கள் வீட்டார் வருகின்றார்கள். அவர்கள் முன்னே இந்தப் படகு காயமொன்றும் இன்றி, நேற்றுச் செய்ததுபோல நிற்பது எனக்கு ஒப்பவில்லை. அது எங்களுக்காகப் பட்ட பாடு தெரியவேண்டும்" என்றான்.

நண்பர்காள்! இதற்கு விடை கூறுதல் எளிதன்று. துருவைப்பற்றிய கேள்விக்கு இரசாயன நூல் உண்டு. நன்றியைப்பற்றிய கேள்விக்கு எந்நூலைப் புரட்டுவது? அன்றிரவு யாம் உறங்காது சிந்தித்தோம். கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள்களே இருந்தன. அவன் விருப்பின்படி செய்தல் அரிதுமன்று: ஊசியைச் சுடவைத்துத் துளையிடுதல் ஒரு மாலைப் பொழுதின் வேலை. செய்தால் அவன் வீட்டார் கண்கலங்குவர். காண்பார் கூடி நிற்பர். செய்யாவிடில், நம் படகு சாம்பல் நிறத்தில் அமைதியாக நிற்கும்; பலர் கடந்து செல்வர்.

மறுநாள் அவனை அழைத்து அருகில் இருத்தி, ஏப்ரல் 2, ஏப்ரல் 4 என்னும் இரு நாள்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். "தம்பி, இப்படகு கொக்கலவில் எத்தனை நாள் இருந்தது?" என்றோம்.

"இரண்டு நாள்" என்றான்.

"இரண்டு நாள் வெயில் ஒரு படகை வெளுக்குமா?"

அவன் விடை கூறவில்லை. யாம் மேலும் கூறினோம்: "நீ கொணர்ந்த படங்களிலுள்ள படகுகள் வெப்பநாட்டு வெயிலில் நெடுநாள் கிடந்தவை; அவ்வெளுப்பு அவற்றின் உழைப்புக்குச் சான்று. நம் படகு வெளுக்குமுன் வீழ்ந்தது. அவ்வூர் வெயிலைப் பழகுதற்கும் அதில் சென்றோர்க்கு நாளில்லை. வந்த மூன்றாம் நாளே, அறியாத கடலின்மேல், அறியாத மக்களுக்காகச் சென்றார்கள். படகின் புதுமையே அவர்கள் கதை. அதனை வெளுத்தால், அவர்கள் செய்த செயலில் பாதியை அழித்தவராவோம்."

"துளைகள்?" என்றான்.

"துளைபட்ட நிலையில் அப்படகு நின்ற காலம் சில நிமிடங்களே, அப்பொழுதும் அஃது இவ்வாறு மேடையில் நிற்கவில்லை, எரிந்து வீழ்ந்துகொண்டிருந்தது. எத்தனை துளை, எங்கே துளை என ஊசியை எடுத்து யாம் தீர்மானிப்போமாயின், மாண்ட மூவர்க்கு எதிரே நின்று காணாததைக் கண்டதாகச் சொல்லுகின்றோம். எழுத்தும் எண்ணும் பொறியாத ஒரு படகாயின் எவ்வாறேனும் செய்யலாம். க்யூ எல் – ஏ என்று எழுதிய அந்நிமிடமே அது பொம்மையாதலை விட்டுச் சாட்சியாகிவிட்டது. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்னும் கட்டளைக்கு 72-இல் ஒருபங்கு அளவில் விலக்கு உண்டோ?"

அவன் தலைகுனிந்து சிறிதுபொழுது இருந்தான். பின்பு, "அங்ஙனமாயின், ஐயா, என் வீட்டார்க்கு எதைக் காட்டுவேன்?" என்றான். கேள்வி நேர்மையானது. அதற்கு விடை படகிலேயே இருந்தது. அதுவரை செய்யாது விட்டிருந்த ஓர் உறுப்பு. இறக்கையிலிருந்து வாலுக்குச் செல்லும் கம்பியில்லாத் தந்தியின் கம்பியே அது.

இக்கம்பியைச் செய்யும் முறை வியப்புடையது. உறுப்புகளை அறுத்தெடுத்தபின் எஞ்சும் சட்டகத் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, இளகத் தொடங்கியதும் சுடரினின்று அகற்றி, இரு கைகளாலும் மெல்ல இழுத்தல் வேண்டும். விரைந்து இழுத்தால் அறும், தாமதித்தால் தடிக்கும், அளவறிந்து இழுத்தால் தலைமயிரினும் நுண்ணிய இழையாகும். அதனை இரு முனையிலும் ஒரு துளி பசையால் நிறுத்தி, அணைத்த ஊதுவத்தியின் கங்கை அருகில் காட்டினால் வெப்பத்தால் சுருங்கி வீணைத் தந்திபோல் விறைக்கும். பெரும்பாலோர் கண்ணுக்கு அது படுவதேயில்லை. ஆயினும் அப்படகில் இருந்தவற்றுள் எல்லாம் கொழும்பைக் காத்தது அதுவே. பொறிகள் அவர்களைப் பகைவரிடம் கொண்டு சேர்த்தன. துப்பாக்கிகள் அவர்களைக் காக்கவில்லை. செய்தி சென்றது கம்பியின் வழியே. "இதனை நீயே செய், உன் வீட்டார்க்கு இதனைக் காட்டு" என்றோம்.

மாணவன் மூன்று மாலை முயன்றான். அறுந்த இழைகள் மேசைமேல் சிலந்திநூல்போலக் கிடந்தன. நான்காம் மாலை ஓர் இழை நின்றது. மூச்சுப் படாமல் இருவரும் சற்று நேரம் அதனைப் பார்த்திருந்தோம்.

அதன்பின் கறை ஏற்றும் வேலை விரைந்து முடிந்தது. ஏனெனின் ஏற்றவேண்டியது சிறிதே. மெருகுநெய் பூசிக் காய்ந்த பரப்பின்மேல், டர்பன்டைன் எண்ணெயில் நீர்க்கக் கரைத்த கருமையைத் தகட்டு வரிகளில் ஓடவிட்டு, எஞ்சியதைக் காற்று வீசும் திசையில் துணியால் துடைத்தோம். கரியையும் வண்ணச் சுண்ணத்தையும் பொடித்து, மெல்லிய தூரிகையால் பொறிகளின் பின்னே புகைக்கரி படிவித்தோம்: முதலில் பழுப்பு, அதன்மேல் கருமை, நடுவே சிறிது சாம்பல். நெடும்பயணம் வந்த படகாதலின் புகைக்கரிக்கு யாம் அஞ்சவில்லை. பொறிகளின் அடியில் இரண்டு எண்ணெய்க் கோடுகள். முகப்பில் கயிற்றின் தேய்வு. இறக்கையின் நடுவே காலடித் தடம். பஞ்சுத் துண்டின் நுனியில் வெள்ளி தொட்டு விசிறி முனைகளில் ஓர் ஒற்று. வெளுப்பில்லை, சுண்ணாம்புப் பூப்பில்லை, துளையில்லை. பின்னர் மெருகைத் தணிக்கும் மங்கல் நெய்யை மேலே தூவ, படகு ஏப்ரல் 4-ஆம் நாள் விடியற்காலையில் எழுவதற்கு ஆயத்தமாக நின்றது.

கண்காட்சி நாளில் யாம் எதிர்பார்த்தவாறே பலர் கடந்து சென்றனர். "இதற்கு இன்னும் வேலை இருக்கிறது போலும்" என்று கூறிச் சென்றாரும் உளர். மாணவன் தன் பாட்டியாரையும் தாய் தந்தையரையும் அழைத்துவந்து, மேசையருகே நிறுத்தி, விளக்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்தான். ஒளி பட்டதும் அக்கம்பி ஒரு கணம் மின்னிற்று. அவன் கூறியவை எமக்குக் கேட்கவில்லை. அம்மூதாட்டியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து, குனிந்து, நெடுநேரம் அவ்விழையையே பார்த்திருந்தார். பின்னர் எம்மிடம் வந்து, "எல்லாருடைய பேரும் எழுதி வைத்திருக்கிறதா, ஐயா?" என்று வினவினார். எழுதி வைத்திருந்தோம், ஒன்பது பெயர்களும் படகின் அடியிலுள்ள பலகையில் இருந்தன. அவர் அவற்றைப் படிக்கச்சொல்லிக் கேட்டுச் சென்றார். எம் எட்டுத் திங்கள் உழைப்புக்கு அதனினும் பெரிய பரிசிலை யாம் வேண்டோம்.

இனி ஒன்று கூறி முடிப்போம். காயங்களைத் தீட்டுதல் எங்கும் தகாது என்பது எம் கருத்தன்று. 1945-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அமெரிக்கப் போர்க்கப்பலாகிய இண்டியானாபொலிஸ் பசிபிக் கடலில் மூழ்கியது. ஆகஸ்டு 2-ஆம் நாள், நீரில் நாள்கணக்காகத் தத்தளித்தவர்களிடை ஏட்ரியன் மார்க்ஸ் என்னும் விமானி, ஓங்கிய அலைகளின்மேல் தம் காட்டலினாவை இறக்கி 56 பேரை ஏற்றினார். உள்ளே இடம் நிரம்பியபின், எஞ்சியோரை இறக்கையின்மேல் கிடத்திக் கட்டினார்கள். இறங்கிய அதிர்ச்சியில் தறையாணிகள் தெறித்தன. துளைகளைப் பென்சில்களாலும் அடைத்தனர். இறக்கைத் துணி கிழிந்தது. அப்படகு மீண்டும் பறக்கவில்லை. மக்களைக் கப்பலில் ஏற்றியபின் அது மூழ்கடிக்கப்பட்டது. அப்படகைச் சமைப்பவன் துணிக் கிழிசலைத் தீட்டாது விட்டால் அதுவே பொய்யாகும். எம் மாணவன் இப்பொழுது அதனையே சமைத்துக்கொண்டிருக்கின்றான். கிழிசல்களை எங்கே, எவ்வளவு வைப்பது என்று ஒவ்வொரு மாலையும் எம்மோடு வழக்காடுகின்றான். காரணம் கேட்டால் காரணம் கூறுகின்றான். யாம் அவன் மேசையில் உறுப்புகளைத் தேய்த்து உதவுகின்றோம்.

க்யூ எல் – ஏ நூலகத்தில் கண்ணாடிப் பேழையுள் இருக்கின்றது. அதனைத் துப்புரவு செய்யும் அன்பர் முதல் வாரத்திலேயே ஈரத்துணியும் கையுமாக வந்து, "இவ்வளவு கரி படிந்திருக்கிறதே, ஐயா, துடைத்துவிடட்டுமா?" என்றார். பேழையின்மேல் படியும் தூசி அவர்க்குரியது என்றும், உள்ளிருக்கும் கரி படகுக்குரியது என்றும் விளக்கினோம். அவர் சிரித்து, கண்ணாடியை மட்டும் துடைத்தார். நூலகத்துக்கு வரும் மாணவர் அங்கே சற்று நின்று, விளக்கு எரியும் பக்கமாகக் குனிந்து பார்ப்பாராக. வாலுக்குச் செல்லும் இழை அப்பொழுதுதான் தெரியும்.